செத்தல், மஞ்சள், கறுவா: திருகோணமலைச் சரக்குக் கடையிலிருந்து பதில்கள்

திருகோணமலை நகரில் கறிச்சரக்கு மொத்த வியாபாரம் செய்கிறேன். பக்கத்திலேயே அரைக்கும் மில்லும் உண்டு. நாட்டுக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது, விலை ஏன் ஏறி இறங்குகிறது என்று கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகள் இவை.

திருகோணமலை வளாக மாணவி: அண்ணா, உலக உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணையில் இலங்கையில் ஒருவருக்குக் கிடைக்கும் சரக்கின் அளவு ஒரு வருடம் ஏறுகிறது, அடுத்த வருடம் இறங்குகிறது. எங்கள் சாப்பாடு அப்படியா மாறுகிறது?

நல்ல கேள்வி, தங்கச்சி. சாப்பாடு அப்படி மாறாது. அந்தக் கணக்கு யாருடைய குசினியிலும் எடுத்ததில்லை. நாட்டில் விளைந்ததோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, கையிருப்பு, விதை, கழிவு எல்லாம் பார்த்து, மிஞ்சுவதைச் சனத்தொகையால் பிரிக்கிறார்கள். நாம் மிளகு, கராம்பு, கறுவா விற்கிற நாடு. செத்தல் (காய்ந்த மிளகாய்), மல்லி, சீரகம் வாங்குகிற நாடு. போவதும் வருவதும் பெரிய தொகை என்பதால் நடுவில் மிஞ்சுவது சின்ன அசைவுக்கே துள்ளும். கராம்பு மரம் ஒரு வருடம் நிறையப் பூத்தால் அடுத்த வருடம் ஓய்ந்துவிடும். ஓய்ந்த வருடத்தில் வியாபாரிகள் பழைய கையிருப்பை ஏற்றுமதி செய்தால், சனம் திடீரென்று கராம்பை விட்டுவிட்டது போல அட்டவணை காட்டும்.

இன்னொன்று கவனியுங்கள். 2013 வரை பழைய முறைக் கணக்கு, 2010இலிருந்து புதிய முறைக் கணக்கு என்று இரண்டு வரிசைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒட்டி ஒரே கோடாக வரைந்தால் இல்லாத ஏற்றமும் இறக்கமும் தெரியும். கடத்தி வந்த சரக்கு எந்த வரிசையிலும் இல்லை. 2020இலிருந்து மன்னார், புத்தளம் கரைகளில் கடற்படை பிடித்த மஞ்சள் மூட்டைகளை நினைத்துப் பாருங்கள்.

உப்புவெளி வாசகி: கடை மஞ்சள் தூளில் கலப்படம் இருக்கிறதா என்று வீட்டில் பார்க்க வழி உண்டா?

நம்பகமான வழி இல்லை, அக்கா. அயடீன் விட்டால் நீலமாகும் என்பார்கள். மஞ்சளிலேயே மாப்பொருள் இருப்பதால் சுத்தமான தூளும் நீலமாகும். அரிசி மா கலந்தால் உடம்புக்குப் பெரிய கேடில்லை, காசுதான் நட்டம். ஈயம் சேர்ந்த மஞ்சள் சாயம் அப்படியல்ல. பங்களாதேஷில் அதை மஞ்சளுக்குப் பூசியதை ஆய்வாளர்கள் 2019இல் வெளிப்படுத்தினார்கள். அது குழந்தைகளின் மூளையைத் தாக்கும். அளவுக்கு மீறிப் பளபளக்கும் விரலி மஞ்சளையும் (அரைக்காத முழு மஞ்சள்) எடுக்காதீர்கள். முழுச் சரக்காக வாங்குங்கள், கண் முன்னால் அரைத்து எடுங்கள்.

மூதூர் வாசகர்: நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கொச்சிக்காய் நன்றாக வருகிறதே. பிறகு ஏன் இந்தியச் செத்தல்?

ஏனென்றால் நம் விவசாயி பச்சையாகவே விற்றுவிடுகிறார். அதில் பிழை சொல்ல முடியாது. ஒரு கிலோ செத்தலுக்கு நாலு கிலோ அளவில் பழம் வேண்டும். திரும்பத் திரும்பப் பறிக்க ஆள்கூலி, காயவைக்க இடம், வெயில். பச்சை மிளகாய் அன்றைக்கே காசு. பச்சை விலை விழுந்தால்தான் காயவைக்க யோசிப்பார். நாட்டுக்கு வருடத்துக்குச் சுமார் 50,000 தொன் செத்தல் வேண்டும். அதில் பெரும்பங்கு ஆந்திராவின் குண்டூர் பக்கமிருந்து வருகிறது.

ஒரே இடத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை 2022இல் பார்த்தோம். அந்தப் போகத்தில் ஆந்திரா, தெலுங்கானா மிளகாய்த் தோட்டங்களைப் புதுவகைப் பனிப்பூச்சி அழித்தது. இங்கே அதே நேரம் டொலர் இல்லை. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. இரண்டும் சேர்ந்து கறித்தூள் விலையை எங்கே கொண்டுபோனது என்று எல்லோருக்கும் தெரியும்.

கந்தளாய் விவசாயி: அப்போ இறக்குமதியை நிறுத்துங்கள். சிறிமாவோ காலத்தில் யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் போட்டவர்கள் கல்வீடு கட்டினார்கள்.

கிண்ணியா ராத்தா ஒருவர்: அவர்கள் வீடு கட்டியது சரி, வாங்கிச் சமைத்தவர்கள் என்ன பாடுபட்டார்கள்? மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது நான் மஞ்சளே இல்லாமல் மீன் ஆணம் காய்ச்சினேன்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1970க்கும் 77க்கும் இடையில் இருந்த கட்டுப்பாடு வடக்கு விவசாயியைத் தூக்கிவிட்டது. 1977இல் இறக்குமதிக்குக் கதவு திறந்ததும் விலை விழுந்து, அதே விவசாயி அடிபட்டார். கட்டுப்பாட்டை மட்டும் நம்பி வளர்ந்த தொழில் நிலையாக வேரூன்றவில்லை. எனக்கு அதுதான் பாடம்.

மஞ்சளைப் பாருங்கள். 2019 கடைசியில் இறக்குமதியை நிறுத்தினார்கள். ஒரு ஹெக்டயருக்கு விதைக் கிழங்கே இரண்டு தொன் அளவில் வேண்டும், பயிர் எட்டு முதல் பத்து மாதம், ஐந்து கிலோ ஈரக் கிழங்கை அவித்துக் காயவைத்தால் ஒரு கிலோ. விதை இல்லாமல் கதவை மூடினால் என்ன நடக்கும்? கிலோ விலை ஆயிரக் கணக்கில் போனது, கடத்தல் வந்தது, கலப்படம் வந்தது. குருணாகல், கம்பஹா பக்கம் பயிர் கூடியதும் உண்மைதான். ஆனால் அந்த முதல் காலத்தின் செலவு முழுக்க ராத்தாவின் குசினியில் விழுந்தது.

கந்தளாய் விவசாயி: அப்போ நாங்கள் எப்போதும் குண்டூரைப் பார்த்துக்கொண்டே இருப்பதா?

இல்லை, ஐயா. வேண்டியது வேறு ஒழுங்கு. முதலில் விதை. மகாஇலுப்பள்ளம பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டிலேயே கலப்பின மிளகாய் உருவாக்கியிருக்கிறார்கள், அது கிராமத்துக்கு வரவேண்டும். அடுத்தது உலர்த்தும் கூடம். அப்புறம் இரண்டு போகம் முன்கூட்டியே அறிவித்து வரியை மெல்ல மெல்ல உயர்த்துவது. ஒரே இரவில் வரும் வர்த்தமானி விவசாயியையும் காப்பாற்றாது, சமைப்பவரையும் காப்பாற்றாது.

நகரத்து வாசகர்: எந்தக் கம்பனி மிளகாய்த்தூள் நல்லது?

தூளே வேண்டாம். முழுச் செத்தல் வாங்கி அரையுங்கள்.

சீனக்குடா வாசகி: உலகத்துக்கே கறுவா கொடுக்கிறோம், இங்கே ஏன் இந்த விலை?

மெக்சிக்கோக்காரர் தரும் விலையோடு நீங்கள் போட்டி போடுகிறீர்கள், அதனால்தான். நம் கறுவாவை அதிகம் வாங்கும் நாடு அது. பட்டை உரிக்கத் தெரிந்த ஆளும் குறைந்துவருகிறது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. நாட்டுக்கு நல்லது, உள்ளூர் விலையை அது இறக்காது. கறிக்கு உடைந்த துண்டுகளே போதும், மணம் அதேதான். தடித்து ஒரே சுருளாக இருந்தால் அது வேறு நாட்டுப் பட்டை. நம்முடையது மெல்லிய தாள்களாக அடுக்கியிருக்கும்.

திருக்கடலூர் வாசகர்: வீட்டு வளவில் மிளகு வைக்கலாமா?

வைக்கலாம், நம் நீண்ட கோடையில் தண்ணீர் ஊற்றி முடியாது. மாத்தளை, கண்டி மழை இங்கே இல்லை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தைக் கேளுங்கள்.

இன்னொரு வாசகர்: சுத்தமான மஞ்சள் தூள் எங்கே கிடைக்கும்?

மேலே உப்புவெளி அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள். விரலி மஞ்சள், மில். வேறு பதில் என்னிடம் இல்லை.

தம்பலகாமம் வாசகி: வருடத்துக்குத் தேவையான செத்தலை எப்போது வாங்கி வைக்கலாம், அண்ணா?

பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆந்திராவில் புது அறுவடை சந்தைக்கு வரும். அந்தச் சரக்கு இங்கே இறங்கும்போது பாருங்கள். நம் ஊரிலும் அப்போது மழை ஓய்ந்திருக்கும். வாங்கியதும் பாயில் பரப்பி நல்ல வெயிலில் காயவையுங்கள், வெறும் மண்ணில் வேண்டாம். காம்படியில் சாம்பல் பூத்ததையும் கறுத்ததையும் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சணத்தில் ஈரலுக்குக் கேடான நஞ்சு இருக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. ஆறவிட்டு, காற்றுப் புகாத பேணியில் போட்டு இறுக்கி மூடுங்கள்.