ஏ.சி. டன் கணக்கு எழுதும் முன் கன்சல்டன்டைக் கூப்பிடுங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மேற்கு பார்த்த மனையில் மூன்று மாடியில் ஸ்கேன் சென்டரும் டாக்டர்களுக்கான அறைகளும் கட்டப் போகிறோம். மாடிக்கு 3,000 சதுர அடி, மொத்தம் 9,000. பிளான் அப்ரூவலுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஏ.சி. கான்ட்ராக்டர் 75 டன் தேவை என்கிறார். கிரீன் பில்டிங் கன்சல்டன்ட் ஒருவரை வைக்கச் சொல்கிறார் என் தம்பி. இன்ஜினியரோ, 'அது சர்டிஃபிகேட் வாங்குகிறவர்களுக்கு, நாம் மாடியில் சோலார் போட்டுக்கொண்டால் போதும்' என்கிறார். யார் சொல்வது சரி? இப்போது வைத்தால் பயன் உண்டா?"

தம்பி சொல்வதுதான் சரி. கரண்ட் செலவு குறையும்படி கட்டடத்தைத் திட்டமிட உதவுகிறவர்தான் இந்தக் கன்சல்டன்ட். ஆனால் இன்ஜினியர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்த 75 டன். 9,000-ஐ 120-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 75 வரும். 120 சதுர அடிக்கு ஒரு டன் என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன கைக்கணக்கு. உங்கள் மனை எந்தத் திசை பார்த்தது, கண்ணாடி எவ்வளவு, டாக்டர்கள் எத்தனை மணி வரை இருப்பார்கள் என்று எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. கான்ட்ராக்டரைக் குறை சொல்ல முடியாது. குளிரவில்லை என்றால் திட்டு வாங்கப் போவது அவர்தான், அதனால் கூட்டித்தான் போடுவார்.

இப்போது உங்கள் மேற்கு எலிவேஷனை, அதாவது மேற்கு முகப்பை எடுத்துக்கொள்வோம். 40 அடி அகலம், 30 அடி உயரம், அதில் பாதி கண்ணாடி என்றால் 600 சதுர அடி, அதாவது சுமார் 55 சதுர மீட்டர். மே மாதம் மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 33 கிலோவாட். சாதாரண வெள்ளைக் கண்ணாடி அதில் ஏறக்குறைய 80 சதவீதத்தை உள்ளே விடும். ஒரு டன் ஏ.சி. அகற்றுவது மூன்றரை கிலோவாட் சூடு. ஆக, முன்பக்கக் கண்ணாடிக்கு மட்டுமே ஏழரை டன் ஏ.சி. ஓட வேண்டும். 30 சதவீதம் மட்டும் உள்ளே விடும் கண்ணாடி போட்டால் அது மூன்று டன்னுக்குள் வந்துவிடும். கண்ணாடியையே பாதியாகக் குறைத்து, அந்தப் பக்கம் படிக்கட்டு, லிஃப்ட், கழிவறை ஆகியவற்றைத் தள்ளிவிட்டால் இன்னும் குறையும். வெயிலில் எத்தனை பங்கைக் கண்ணாடி உள்ளே விடுகிறது என்ற விகிதத்தைக் கடையில் எஸ்.எச்.ஜி.சி. என்பார்கள். கண்ணாடியின் நிறத்தைப் பார்க்காமல் இந்த எண்ணைக் கேளுங்கள். கறுப்புக் கண்ணாடி குளுமை என்பது நம்மூர் நம்பிக்கை. அது வெயிலைக் குடித்துச் சூடாகி, அதில் ஒரு பங்கை உள்ளேதான் விடும்.

சன்ஷேட் இருக்கிறதே என்பார்கள். அதே மே மாத நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 35 பாகையில் இருக்கும். ஒன்றரை அடி சன்ஷேட் போட்டால் நிழல் ஒரு அடி இறங்கும், அவ்வளவுதான். மேற்குக்கு வேண்டியது வெளியே நிற்கும் செங்குத்துப் பலகைகளோ, ஜாலி எனும் துளைத் தடுப்போ. உள்ளே திரை போடுவது வெயில் வீட்டுக்குள் வந்த பிறகு கதவைச் சாத்துகிற கதை.

உங்கள் மனையில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. முகப்பு 40 அடி என்றால் 3,000 சதுர அடிக்கு நீளம் 75 அடி வரும், அதனால் நீண்ட சுவர்கள் வடக்கிலும் தெற்கிலும் வருகின்றன. வடக்கில் வெயிலே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். திருச்சி இருக்கும் இடத்துக்கு, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கேதான் நிற்கும். ஆனால் அது உச்சி வெயில், சின்ன சன்ஷேடே தடுத்துவிடும். அதனால் வெளிச்சத்துக்கான ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வையுங்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் கட்டடம் முழுவதற்கும், வருடம் முழுவதற்கும், மணிவாரியாகப் போட்டுக் காட்டுவதுதான் நல்ல கன்சல்டன்டின் வேலை. அவருடைய சம்பளம் பெரும்பாலும் நீங்கள் வாங்காமல் விட்ட டன்களிலிருந்து வரும். அதனால்தான் ஏ.சி. கொட்டேஷனில் கையெழுத்திடும் முன் அவர் வர வேண்டும் என்கிறேன். பிளான் வரைவதற்கு முன்பே வந்திருந்தால் இன்னும் நல்லது. போகட்டும், அஸ்திவாரம் போடாத வரை தாமதமில்லை. திருத்திய வரைபடம் கொடுக்க வேண்டி வந்தாலும் கொடுங்கள்.

தாமதமானால் என்ன ஆகும் என்று நானே பார்த்திருக்கிறேன். ஒரு அலுவலகக் கட்டடத்துக்குக் கன்சல்டன்டாக என்னைக் கூப்பிட்டபோது ஸ்லாப் முடிந்து, கண்ணாடிக்கும் ஏ.சி.க்கும் ஆர்டர் போயிருந்தது. மிச்சமிருந்தது பசுமைக் கட்டட ரேட்டிங்குக்கான படிவங்களை நிரப்பும் வேலைதான், நிரப்பினேன். அடுத்த கோடையில் போனால், மேற்குப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்கள் கண்ணாடி முழுக்க சார்ட் பேப்பரை செலோடேப்பால் ஒட்டி வைத்திருந்தார்கள். பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

உங்கள் இன்ஜினியர் சொன்ன பாதி உண்மை இதுதான். ஐ.ஜி.பி.சி., கிரிஹா, லீட் போன்ற பசுமைக் கட்டடச் சான்றிதழுக்குக் காகிதம் தயாரிக்கிற கன்சல்டன்ட் வேறு, ஆற்றல் கணக்குப் போடுகிறவர் வேறு. இரண்டையும் நன்றாகச் செய்கிறவர்களும் உண்டு. உங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்றால் இரண்டாவது வேலைக்கு மட்டும் பேசுங்கள். ஆனால் இணைப்புச் சுமை (எல்லாக் கருவிகளின் மொத்த வாட்) 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்திடம் ஒப்பந்தம் செய்யும் உச்ச அளவு) 120 கே.வி.ஏ.வைத் தொட்டால், ஈ.சி.பி.சி. என்னும் கட்டட ஆற்றல் சிக்கன விதிகளின் வரம்புக்குள் வருகிறீர்கள். ஸ்கேன் மெஷினும் 75 டன்னும் சேர்ந்தால் தொட்டுவிடும். அனுமதிக்கு அது தேவையா என்று ஆர்க்கிடெக்டிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது "எத்தனை பிளாட்டினம் சான்றிதழ் வாங்கித் தந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். "நீங்கள் சொல்லி எந்தக் கட்டடத்தில் எத்தனை டன் குறைந்தது? முதல் வருட கரண்ட் பில் உங்கள் கணக்கோடு ஒத்துப்போனதா?" என்று கேளுங்கள். பில்லைப் பார்த்ததே இல்லை என்பவர் வேண்டாம். சம்பளத்தை ஏ.சி. செலவில் இத்தனை சதவீதம் என்று மட்டும் பேசிவிடாதீர்கள். டன் குறைந்தால் அவர் வருமானமும் குறையும், அப்புறம் யார் குறைப்பார்கள்? மொத்தத் தொகையாகப் பேசி, ஒரு பகுதியை முதல் வருட பில் வந்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடையோ ஏ.சி. கம்பெனியோ அவருக்குக் கமிஷன் தருவதில்லை என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

சோலார் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பேனல் விழுகிற இடத்தில் மொட்டை மாடிக்கு நிழலும் கிடைக்கும். ஆனால் அது வாங்க வேண்டிய ஏ.சி.யின் அளவைப் பெரிதாகக் குறைக்காது, மாலை ஓ.பி. நேரத்தில் கைகொடுக்காது. அதற்கு முன் மாடிக்கே ஏதாவது செய்யுங்கள். வீடுகளுக்காக 2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு மேற்கூரைக்கு வைத்த வரம்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சூட்டை வெறும் கான்கிரீட் தளம் கடத்தும். இன்சுலேஷன் பலகையும் மேலே வெள்ளை ஓடும் போதும். காத்திருப்புக் கூடத்துக்கு ஏ.சி.யே வேண்டாம் என்பது என் கட்சி. வெளியிலிருந்து வியர்த்து வருகிறவருக்கு நல்ல காற்றோட்டமும் மின்விசிறியும் போதும். ஸ்கேன் அறைக்கு மட்டும் மெஷின் கம்பெனி தரும் சூட்டுக் கணக்கை வாங்கித் தனி ஏ.சி. போடுங்கள், மற்றதோடு கோக்காதீர்கள்.

அடுத்த வாரம் ஆர்க்கிடெக்ட், ஏ.சி. கான்ட்ராக்டர், கன்சல்டன்ட் மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். தனித்தனியாகப் பேசினால் ஒருவர் குறைத்ததை இன்னொருவர் கூட்டிவிடுவார். மேற்கு எலிவேஷன் படமும், எந்த அறை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இயங்கும் என்ற பட்டியலும் கையில் இருக்கட்டும். அதுவரை கண்ணாடிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.