படம் எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரணைமடுக் குளத்தில் விடியற்காலையில் வீச்சுவலை எறியும் ஒருவரைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லோரும் ‘சூப்பர்’ என்றார்கள். ஸ்ரூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணா மட்டும் ‘சரியில்லைத் தம்பி’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாரை நம்புவது? படத்தை இணைத்துள்ளேன்.
– வாசகர், கிளிநொச்சி

பதில்: இரண்டு தரப்பையும் நம்ப வேண்டியதில்லை, உங்கள் படத்தைப் பற்றி இருவருமே எதையும் சொல்லவில்லை. நண்பர்கள் உங்கள்மீது உள்ள பிரியத்தைச் சொன்னார்கள், அண்ணா தம்முடைய தொழில் அனுபவத்தைச் சொன்னார். படத்துக்குள் இருக்கும் ஏதாவதொன்றைத் தொட்டுக் காட்டாத பேச்சு, பாராட்டானாலும் கண்டிப்பானாலும், அடுத்த முறை கமராவைத் தூக்கும்போது உங்களுக்கு உதவப்போவதில்லை.

ஆகவே படத்துக்கே வருவோம். என் கண் முதலில் போனது காற்றில் விரிந்த வலைக்குத்தான். அதற்காகவே நீங்கள் கரையில் காத்திருந்திருப்பீர்கள் என்பதால் பாதி வேலை நடந்துவிட்டது. ஆனால் வலையின் இடப்பக்க ஓரம் சட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்க, மேகமே இல்லாத வானத்துக்குப் படத்தில் பாதிக்கு மேல் இடம் கொடுத்திருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய குறை, வலை எறிபவருடைய தலை எதிர்க்கரை மரவரிசையின் கருமைக்குள் மறைந்து, அவர் தோளோடு முடிந்துவிட்டவர்போலத் தெரிவது. நின்றபடி எடுத்ததால் வந்த குறை இது. குந்தியிருந்து எடுத்திருந்தால் அந்த மரவரிசை அவருடைய மார்பளவுக்கு இறங்கி, தலை வெளிச்சமான வானத்தில் தனித்துத் தெரிந்திருக்கும். வலை விரிந்து நிற்பது கண் இமைக்கும் நேரம்தான் என்பதால் ஷட்டர் வேகம் 1/1000 விநாடி அளவிலாவது இருக்க வேண்டும். விடியல் வெளிச்சத்தில் அதற்காக ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கமராவின் ஒளியுணர் அளவை, 1600க்கோ அதற்கும் மேலோ உயர்த்தினால் படத்தில் சற்றே பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். அது பரவாயில்லை, கலங்கிய வலையைவிடப் புள்ளி மேல். கடைசியாக, நிறத்தைக் கூட்டிக் கூட்டிக் குளத்தையே ஒரேஞ்ச் சோடாவாக்கிவிட்டீர்கள். அதைப் பாதியாகக் குறையுங்கள்.

இனிமேல் யாரிடமும் ‘படம் எப்படி?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மரியாதையான மனிதர் எவரும் ‘நல்லாயிருக்கு’ என்றுதான் பதில் சொல்வார். ‘முதலில் கண் எங்கே போனது, பிறகு எங்கே போனது?’ என்று கேளுங்கள். கமராவைத் தொட்டே பார்க்காத அம்மாவும் அதற்குச் சரியான பதில் சொல்லுவார். அவர்கள் பேசி முடிக்கும்வரை, யானைப் பயத்தோடு இருட்டில் சைக்கிள் மிதித்து வந்த கதையைச் சொல்லாதீர்கள். அந்தக் கதை படத்துக்குள் இல்லை. அதைக் கேட்ட பிறகு எவருமே படத்தைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் சிரமத்தைத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலை ஊடகக் கழக மாணவி ஒருத்தி வற்றாப்பளைப் பொங்கலில் எடுத்த படங்களைக் கொண்டுவந்தாள். ஆர்வம் நிறைய, படங்கள் சுமார். உண்மையைச் சொன்னால் கமராவை வைத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.
– ஆசிரியை, முல்லைத்தீவு

பதில்: பொய்யாகப் புகழ்ந்தாலும் வைத்துவிடுவாள், கொஞ்சம் காலம் கழித்து. பிள்ளைகளுக்கு வெறும் புகழ்ச்சி விரைவில் விளங்கிவிடும்.

நீங்கள் விவரித்த படத்தையே எடுத்துக்கொள்வோம்: பாற்செம்பு ஏந்திய பெண்ணின் முகம் கருத்திருக்கிறது, பின்னால் வெள்ளை வேட்டிகளும் விளக்குகளும் பளிச்சென்று இருக்கின்றன. கமரா தன் முன்னால் உள்ள எல்லாவற்றையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. வெள்ளை அதிகமாக இருந்தால் முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது, நம்முடைய நிறத்து முகங்கள் அதில் முதலில் அடிபடுகின்றன. இதை அவளுடைய தவறாகச் சொல்லாமல், ‘முகம் கருமையாக இருக்கிறது, வேண்டுமென்றே விட்டாயா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால் காரணத்தைக் கேட்கலாம். இல்லையென்றால், கைபேசித் திரையில் அந்த முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளிக் காட்டுங்கள். ஒரு படத்துக்கு ஒரு திருத்தம் போதும். ஒன்பது குறைகளை அடுக்கினால் அவள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகமாட்டாள். வகுப்பின் முன்னால் வேண்டாம் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. அதே காட்சியில் அவள் எடுத்த மற்றப் படங்களையும் கேட்டு வாங்குங்கள். நல்ல படம் பெரும்பாலும் கைபேசிக்குள்ளேயே கிடக்கும், அவள் தெரிவுசெய்து காட்டியது வேறொன்றாக இருக்கும். எதை ஏன் ஒதுக்கினாள் என்று அருகில் இருந்து பேசுவது எந்த விரிவுரையையும்விடப் பயன் தரும்.

கேள்வி: காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில், மகனின் படத்தை ஏந்தியிருக்கும் தாயொருவரை நண்பன் படமெடுத்திருக்கிறான். ஒளியமைப்பைப் பற்றிக் கருத்துக் கேட்கிறான். இப்படியான படத்தில் ஒளியைப் பற்றிப் பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: உங்கள் கூச்சம் நியாயமானது, ஆனால் பேசாமல் விடுவதற்கு அது காரணமாகாது. உங்கள் கடிதத்தின்படி, தாயின் கையில் உள்ள படத்தின் லமினேற் உறையில் வெயில் பட்டுத் தெறித்து மகனுடைய முகம் வெள்ளையாக அழிந்திருக்கிறது. அந்தத் தாய் அங்கே வந்து அமர்ந்திருப்பதே அந்த முகத்தைக் காட்டத்தான். படமெடுத்தவர் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்திருந்தாலோ, ‘அம்மா, கொஞ்சம் சரித்துப் பிடியுங்கோ’ என்று கேட்டிருந்தாலோ அது தெரிந்திருக்கும். எனவே இங்கே ஒளியைப் பற்றிப் பேசுவதும் அந்தத் தாயைப் பற்றிப் பேசுவதும் வேறு வேறல்ல. சித்திரை நடுப்பகுதியில் வன்னியில் நண்பகல் வெயில் உச்சிக்கு நேரே விழுவதால் கண்குழிகளும் கறுத்துப்போகும். காலை எட்டு மணிக்குப் போகச் சொல்லுங்கள்.

ஒளியோடு நிறுத்தவும் வேண்டாம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகத் தொடங்கிய போராட்டத்திலிருந்து இந்தத் தாய்மார் எத்தனையோ கமராக்களைப் பார்த்துவிட்டார்கள். அவரிடம் கேட்டு எடுத்தானா, எடுத்ததை அவருக்குக் காட்டினானா என்று நண்பனிடம் கேளுங்கள். சோகத்தைக் கூட்டுவதற்காகக் கறுப்பு வெள்ளையாக மாற்றியிருந்தால், நிறத்தோடு உள்ள மூலப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய துயரத்துக்கு நம்முடைய ஒப்பனை தேவையில்லை என்பது என் கருத்து. உங்கள் நண்பர் மாறுபடலாம்.

கேள்வி: என் படங்களில் ஆள் நடுவில் நிற்பதாகவும், மூன்றிலொரு பங்கு விதி (படத்தை மூன்றாகப் பிரித்து, ஆளை நடுவில் வைக்காமல் அந்தப் பிரிகோட்டில் வைப்பது) தெரியாதவன் என்றும் சொல்கிறார்கள். விதிகளை மீறக்கூடாதா?
– வாசகர், வவுனியா

பதில்: பிரித்தானிய ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமெரனுக்கு 1863இல், 48 வயதில், முதல் கமரா பரிசாகக் கிடைத்தது. அவருடைய முகப்படங்கள் தெளிவில்லாதவை, கவனமின்றி எடுக்கப்பட்டவை என்று அக்கால இலண்டன் ஒளிப்பட விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். அவரோ அந்த மென்மையை வேண்டியே வைத்திருந்தார். இன்று அந்தப் படங்கள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பிற்காலத்தில் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர் என்பதால் அவரை நம்மவர் என்றும் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம்.

ஆனால் அவரைக் காட்டித் தப்பிக்க வேண்டாம். உங்கள் ஆள் ஏன் நடுவில் நிற்கிறார் என்று உங்களால் சொல்ல முடிந்தால் விதி பேசியவரை மறந்துவிடலாம். சொல்ல முடியவில்லை என்றால், அதே ஆளை ஓரத்தில் நிறுத்தி இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் அடுத்த மாதம் எங்களுக்கு அனுப்புங்கள்.