தேர்ச்சி விகிதத்துக்கு வட்டப்படம் போடலாமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் ஆண்டுதோறும் 40 பேர். கடந்த ஐந்தாண்டுத் தேர்ச்சி 90, 92.5, 87.5, 95, 95 சதவீதம். பெற்றோர் கூட்டத்துக்காக சக ஆசிரியர் இதை வண்ண வட்டப்படமாக்கித் தந்திருக்கிறார். அழகாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் புரியவில்லை. கணித மதிப்பெண்ணையும் (சராசரி 53) வருகைப்பதிவையும் காட்ட வேண்டும். எதற்கு எந்தப் படம்?

பதில்: வட்டப்படத்தின் துண்டுகளைக் கூட்டினால் ஒரு முழுமை வரவேண்டும். மாணவர்களில் பஸ்ஸில் வருபவர், சைக்கிளில் வருபவர், நடந்து வருபவர் எத்தனை பேர் என்பதற்கு அது பொருந்தும். ஐந்தாண்டுத் தேர்ச்சி விகிதங்களைக் கூட்டினால் வரும் 460 எதற்கும் உதவாத எண். மென்பொருளுக்கு அது தெரியாது. 95 சதவீதத் தேர்ச்சிக்கு நேரே 20.7 சதவீதம் என்று எழுதிவிடும். ஐந்தில் ஒருவர்தான் தேறினாரா என்று பெற்றோர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஆண்டுகள் வரிசையாக வந்தால் கோட்டு வரைபடம் போதும். புள்ளிவிவரப் படங்களின் முன்னோடியான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் பட்டைப் படம் வரைந்ததே, ஸ்காட்லாந்து வணிகத்துக்கு ஓராண்டுக் கணக்கு மட்டும் கையில் இருந்ததால்தான்! பட்டைதான் வேண்டுமென்றால் அச்சைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள். 85-இல் தொடங்கினால், 95-க்கான பட்டை 87.5-க்கான பட்டையைப் போல நான்கு மடங்கு உயரமாக நிற்கும். உண்மையில் அந்த வேறுபாடு மூன்றே பிள்ளைகள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை என்றால் 2.5 சதவீதம். எனவே சதவீதத்தோடு தலைக்கணக்கையும் எழுதுங்கள்; 87.5 கண்டு பதறவும் வேண்டாம், 95 கண்டு பட்டாசு வெடிக்கவும் வேண்டாம்.

கணித மதிப்பெண்தான் கவனிக்க வேண்டிய இடம். சராசரி 53 என்பதால் பெரும்பாலோர் ஐம்பதை ஒட்டி இருக்கிறார்கள் என்று ஆகிவிடாது. பாதிப் பேர் நாற்பதுக்குக் கீழும் மீதிப் பேர் எழுபதை ஒட்டியும் இருந்தாலும் சராசரி அதேதான். எது நிலவரம் என்பதை நிகழ்வுச் செவ்வகம் (மதிப்பெண்களைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்பதைச் செவ்வகத்தின் உயரத்தால் காட்டும் படம்) காட்டிவிடும். பட்டைப் படத்தில் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும்; இதில் விடக்கூடாது. மதிப்பெண் தொடர்ச்சியானது என்பதால் செவ்வகங்கள் ஒட்டியே நிற்க வேண்டும். பலர் தவறவிடுவது வகுப்பு எல்லையைத்தான், அதாவது ஒவ்வொரு செவ்வகமும் எந்த மதிப்பெண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்பதை. 30–40 என்று பிரித்தால் 34 எடுத்துத் தவறியவரும் 35 எடுத்துத் தேறியவரும் ஒரே செவ்வகத்துக்குள் போய்விடுவார்கள். 5–15, 15–25, 25–35, 35–45 என்று பிரித்து, 35 எடுத்தவரை 35–45-இல் சேருங்கள். தேர்ச்சிக்கோடு படத்திலேயே விழும். இன்னும் நுணுக்கமாக ஐந்து ஐந்தாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். நாற்பது பேருக்கு அது வேண்டாம், பல் விழுந்த சீப்பாகத்தான் வரும்.

படத்தில் இரண்டு மேடுகள் தெரிந்தால் ஒரே சிறப்பு வகுப்பு இரு தரப்புக்கும் பொருந்தாது. 25–35 செவ்வகம் மட்டும் உயர்ந்து நின்றால் அந்தப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். சிறிது உந்தினால் தாண்டிவிடக்கூடியவர்கள்.

வருகையையும் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சிதறல் வரைபடம் போடுங்கள்: கிடை அச்சில் வருகை நாள், நெடு அச்சில் மதிப்பெண், ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் வலப்பக்கம் மேலேறினால் தொடர்பு இருக்கிறது. ஆனால் வராததால்தான் மதிப்பெண் குறைந்தது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பாடம் புரியாததாலும் பிள்ளைகள் வராமல் இருப்பார்கள், வீட்டுச் சூழல் இரண்டையும் கெடுத்திருக்கலாம். இந்தப் படத்தைக் கூட்டத்தில் மாட்டவும் வேண்டாம். இடது கீழ்மூலையில் தனித்து நிற்கும் புள்ளி யாருடையது என்று அங்கே வருகிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆசிரியர் அறையோடு அது நிற்கட்டும்.