பூச்சியம் எங்கே போனது?

அன்புள்ள அண்ணா,

களுவாஞ்சிக்குடியில் பெரியம்மாவின் தயிர், நெய்க் கடைக்குப் பைதான் என்ற நிரல் மொழியில் ஒரு சின்ன பில் நிரல் எழுதினேன். ‘மொத்தம்’ என்ற சொல்லோடு தொகையைக் கூட்டினால் டைப் எரர் (TypeError), அதாவது எழுத்தையும் எண்ணையும் கலக்க முடியாது என்ற பிழை. எண்ணை எழுத்தாக்கும் எஸ்டிஆர் (str) போட்டதும் அது சரி. ஆனால் 065 என்று தொடங்க வேண்டிய வாடிக்கையாளர்களின் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் 65 என்று தொடங்குகின்றன. 100 கிராம், 200 கிராம் என நெய் வாங்கியவருக்கு 0.30000000000000004 கிலோ என்று பில் போனது. பெரியம்மா சிரிக்கவில்லை.

அன்புள்ள தம்பி,

நான் சிரித்துவிட்டேன், பெரியம்மா மன்னிக்க வேண்டும்.

டைப் எரர் வந்தது நல்லதுதான். ஜாவாஸ்கிரிப்ட் மொழி என்றால் "5" என்ற எழுத்தையும் 5 என்ற எண்ணையும் சத்தமில்லாமல் ஒட்டி 55 ஆக்கியிருக்கும். கடைக்கு அது ஆபத்து.

065 விஷயத்தில் எஸ்டிஆர் மேல் பழி போடாதீர்கள். வாடிக்கையாளர் விவரக் கோப்பைப் படிக்கும்போதே எல்லாவற்றுக்கும் எழுத்தை முழு எண்ணாக்கும் இன்ட் (int) போட்டிருப்பீர்கள். பூச்சியம் போனது அங்கேதான். எண்ணின் முன்னால் நிற்கும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை, அதனால் எஸ்டிஆர் திருப்பித் தர ஒன்றுமில்லை. சரி, இரண்டு பேரின் தொலைபேசி இலக்கங்களை யாராவது கூட்டுவார்களா? அது பெயர் மாதிரி. முதலிலிருந்தே எழுத்தாகவே வைத்திருங்கள். பழைய அடையாள அட்டை இலக்கமும் இப்படித்தான். கடைசியில் ‘வி’ என்ற எழுத்து வருவதால் இன்ட் உடனே பிழை காட்டிச் சண்டைக்கு வரும். தொலைபேசி இலக்கத்தில் எழுத்தே இல்லாமல் 0 முதல் 9 வரை மட்டும் இருப்பதால்தான் ஏமாந்தீர்கள். ஏற்கனவே பூச்சியம் இழந்தவற்றை, எழுத்தாக்கிய பிறகு, முன்னால் பூச்சியம் சேர்க்கும் இஸட்ஃபில் (zfill) போட்டு 10 இடத்துக்கு நிரப்பலாம். அது ஒட்டுப்போடும் வேலைதான்.

நெய்க்கு வருவோம். மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதி முடிக்க முடியாததுபோல, 0, 1 என்ற இரண்டை மட்டும் வைத்து எழுதும் கணினியின் இரும எண்ணில் 0.1 முடிவதில்லை. அந்தத் துளி மிச்சத்தை எஸ்டிஆர் மறைக்காமல் காட்டிவிட்டது. எழுத்துக்குள் எண்ணை வேண்டிய வடிவில் பொருத்தும் எஃப்-ஸ்ட்ரிங்கில் (f-string) இரண்டு தசம இடம் கேட்டால் 0.30 என்று அச்சாகும். நானென்றால் எடையைக் கிராமில் முழு எண்ணாகவே வைத்து, பில்லில் மட்டும் கிலோவாக்குவேன். பணத்தையும் சதத்தில் வைப்பேன்.

ஒரு வேடிக்கை. இன்ட்டுக்கு ‘௬௫’ என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்துப் பாருங்கள், 65 என்று வாங்கிக்கொள்ளும். எஸ்டிஆர் திருப்பித் தருவது ‘65’தான். ௬௫ வேண்டுமென்றால் நீங்களே மாற்றியெழுத வேண்டும். பெரியம்மாவின் பில்லில் மட்டும் முயற்சிக்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணா