32-வது வாரத்தில் பிபி 146/94: உப்பைக் குறைத்தால் போதுமா?

சகோதரி, கர்ப்பத்தின் 32-வது வாரத்தில் பிபி 146/94, கால் வீக்கமும் இருக்கிறது, உப்பைக் குறைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. இது நீங்கள் சாப்பிட்டதால் வந்ததல்ல, உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

ஒரே அளவை வைத்து முடிவு கட்டமாட்டார்கள். 20 வாரத்துக்கு அப்புறம், குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை 140/90-ஐத் தொட்டால் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம். கூடவே சிறுநீரில் புரதம் போனாலோ, கல்லீரல், சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ பிரீஎக்லாம்ப்சியா. சிறுநீர், இரத்தப் பரிசோதனை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லையே? இன்றே போய்ச் செய்துகொள்ளுங்கள்.

கால் வீக்கம் பலருக்கும் வரும். காலையில் எழுந்ததும் முகம் உப்பி, மோதிரம் திடீரென்று கழற்ற வராமல் போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். விடாத தலைவலி, கண்ணில் மின்னல், மூச்சுத்திணறல், வலது விலாவுக்குக் கீழே வலி (இதைத்தான் வாயு என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள்), மேல் அளவு 160 அல்லது கீழ் அளவு 110: இதில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பிபியைக் குறைக்க லேபெட்டலால் என்ற மருந்து கொடுத்தால் பயப்பட வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான். ஆஸ்துமா இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், பிரசவம் முடிந்தும் சில வாரங்கள் பிபி பார்க்க வேண்டும்.