ஏரியை இடப்பக்கம் வையுங்கள்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடப்பது, சைக்கிள் ஓட்டுவது பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். எட்டு வயதுப் பையன், முழங்கால் வலி உள்ள மாமியார் எல்லோரும் வருகிறார்கள். ஏரியைச் சுற்றி நடந்துவிட முடியுமா? – வாசகி, திருப்பூர்

ஏரிச் சாலை ஒரு சுற்று ஏறத்தாழ 5 கி.மீ. பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. சாதாரணமாக நடப்பவருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சோளம், சுண்டல், குதிரை என்று பையன் நிற்கிற இடமெல்லாம் நின்றால் இரண்டு மணி நேரம்கூடப் போதாது.

மாமியாரை முழுச் சுற்றுக்கு இழுக்காதீர்கள். இந்த ஏரியில் பாதி வழி போனபின் குறுக்கு வழி கிடையாது. திரும்பி வந்தாலும், மீதியைச் சுற்றி வந்தாலும் அதே தூரம்தான். படகுத் துறையில் தொடங்கி இருபது நிமிடம் நடந்துவிட்டு, வலி வருவதற்கு முன்பே திரும்பிவிடச் சொல்லுங்கள். படகுத் துறையிலிருந்து சற்றுத் தூரத்தில் 1908இல் உருவான பிரையண்ட் பூங்கா இருக்கிறது. நீங்கள் சுற்றி வரும்வரை அவர் அங்கே உட்கார்ந்திருக்கலாம். மறுநாள் கோக்கர்ஸ் வாக் கூட்டிப் போகலாம். மலை விளிம்பை ஒட்டிய நடைபாதை அது, தூரம் ஒரு கி.மீ. அளவுதான். காலையிலேயே போய்விடுங்கள், மூடுபனி ஏறிவிட்டால் பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் வெள்ளைத் திரைதான் தெரியும்.

மே மாதம் என்கிறீர்கள், அதுதான் சிக்கல். காலை பத்து மணிக்கு மேல் ஏரிச் சாலையில் கார், வேன், குதிரை, வாடகை சைக்கிள் எல்லாம் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஆறரைக்கு இறங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ வருவதானால் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் இருக்கும் நடைமுறை இது. புறப்படும் முன் அப்போதைய விதியைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வாடகை சைக்கிள் எடுத்தால் பாதி வழியில் செயின் கழன்றுவிடுகிறது, இல்லையென்றால் பிரேக் பிடிப்பதில்லை. எப்படிப் பார்த்து எடுப்பது? – வாசகர், விழுப்புரம்

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து எடுப்பதால் வருகிற வினை. பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் செலவிட்டால் போதும்.

முதலில் பிரேக். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். முன்சக்கரம் உருளாமல் பின்சக்கரம் மேலே எழும்ப வேண்டும். அடுத்து பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளுங்கள். பின்சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபட வேண்டும். பிரேக் பிடி ஹேண்டில்பாரைத் தொடும்வரை உள்ளே போனால் கேபிள் தளர்ந்திருக்கிறது, வேறு சைக்கிள் கேளுங்கள். "மெதுவாத்தானே ஓட்டப் போறீங்க" என்று கடைக்காரர் சொன்னாலும் கேளுங்கள். குறுக்கே குழந்தை ஓடி வருவதும் இதே சாலையில்தான்.

பிறகு முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் ஹேண்டில்பார் மட்டும் திரும்பினால் நடுவிலுள்ள போல்ட் இறுகவில்லை. பார்ப்பதற்குச் சின்னக் குறை, ஆனால் வளைவில் ஆளைக் கீழே தள்ளிவிடும். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகத்தான் உள்வாங்க வேண்டும். காற்று குறைந்த டயரில் 5 கி.மீ. மிதிப்பது மாவாட்டுவது போல.

செயின் கழல்வதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். செயின் தொய்ந்திருக்கும், அல்லது மிதித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று கியரை ஒரே இழுப்பில் மாற்றியிருப்பீர்கள். கியர் சைக்கிளில் மிதியைச் சற்று லேசாக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது மாற்றவே கூடாது. அப்படியும் கழன்றுவிட்டால் பதற வேண்டாம். செயினின் மேற்பகுதியை முன் பல்சக்கரத்தின் மேல் பற்களில் மாட்டி, பெடலைக் கையால் மெதுவாக முன்னோக்கிச் சுற்றினால் தானே ஏறிக்கொள்ளும். விரலைப் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் கொடுத்துவிடாதீர்கள்.

சீட் உயரத்தை யாரும் கவனிப்பதில்லை. வாடகை சைக்கிளில் அது எப்போதும் தாழ்ந்தே இருக்கும். அப்படியே ஓட்டினால் அரை மணி நேரத்தில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. பழக்கமில்லாதவர் ஒரு விரற்கடை தாழ்த்திக்கொண்டால் நிற்கும்போது கால் ஊன்றலாம்.

துப்பட்டா, முந்தானை, ஷால் மூன்றும் பின்சக்கரத்துக்குப் பிடித்தவை. இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். பேன்ட்டின் வலது காலை மடித்துவிடுங்கள், செயின் அந்தப் பக்கம்தான். முதல் கேள்வி கேட்ட திருப்பூர் வாசகிக்கும் இதையே சொல்கிறோம்: பையனைக் கேரியரில் உட்கார வைப்பது வேண்டவே வேண்டாம், குதிகால் ஸ்போக்கில் சிக்கிக் கிழியும். எட்டு வயதில் தனியாக ஓட்டத் தெரிந்தால் சின்ன சைக்கிள், தெரியாவிட்டால் நடை.

இருவர் ஓட்டும் டபுள் சைக்கிள் ஆபத்தா? – வாசகர், காரைக்குடி

ஆபத்தில்லை, ஆனால் பேசிவைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். கனமானவர் முன்னால் உட்கார்ந்தால் திருப்புவது எளிது. இருவரும் ஒரே காலால் தொடங்குங்கள். முன்னால் இருப்பவர் நிறுத்தும்போது சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும், பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது. வண்டி நீளம், எடை இரட்டிப்பு, ஆகவே நிற்கவும் திரும்பவும் அதிக இடம் எடுக்கும். ஊடல் இருந்தால் தனித்தனி சைக்கிள் எடுப்பது உத்தமம்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது நல்லது? – வாசகி, மதுரை

கோயிலில் சாமியை வலப்பக்கம் வைத்து வலம் வருகிறோம். இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். சைக்கிளில் போகும்போது ஏரி உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கட்டும். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம். ஏரியை இடப்பக்கம் வைத்தால் நீங்கள் தண்ணீரை ஒட்டியே போவீர்கள். விடுதி வாசல்களும் கிளைச் சாலைகளும் எதிர்ப்புறத்தில் ஒதுங்கிவிடும். படம் எடுக்க நிறுத்தினாலும் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. வலம் வந்தால் வெளியே வருகிற ஒவ்வொரு காருக்கும் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். சீசனில் போலீசார் ஒருவழிப் பாதையாக்கியிருந்தால் மட்டும் அவர்கள் சொல்கிற திசை.

நடப்பவருக்குக் கணக்கு வேறு. நடைபாதை இல்லாத இடங்களில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்கம் நடக்க வேண்டும்.

குதிரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பின்னாலிருந்து மணி அடித்துக்கொண்டு நெருங்காதீர்கள், மிரண்டால் உதைக்கும். வேகத்தைக் குறைத்து, நன்றாக விலகி முந்துங்கள். ஈரச் சாணம் வளைவில் கிடந்தால் அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள்.

ஏரி ஏன் நட்சத்திர வடிவில் இருக்கிறது? அப்படியே வெட்டினார்களா? – மாணவர், தேனி

வெட்டவில்லை, தடுத்தார்கள். மதுரை கலெக்டராக இருந்த சர் வெர் ஹென்றி லெவிஞ்ச் முன்னின்று 1863இல் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். நீர்மட்டம் உயர உயர, சுற்றியிருந்த மடிப்புகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அவைதான் நட்சத்திரத்தின் கைகள். சாலையும் அந்தக் கைகளைப் பின்தொடர்ந்து உள்ளே போய் வெளியே வருகிறது. அதனால்தான் தண்ணீருக்கு மறுபக்கம் தெரிகிற இடத்துக்குப் போய்ச்சேரக் கால் மணி நேரம் ஆகிறது. எதிரே வருவது தெரியாத வளைவுகளுக்கும் அதுவே காரணம்.

கோவையில் தினமும் 5 கி.மீ. நடக்கிறேன். கொடைக்கானலில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. இதயக் கோளாறாக இருக்குமோ? – வாசகர், கோவை

ஏரி இருப்பது சுமார் 2,285 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவு குறைவாகக் கிடைப்பதால், அதே நடைக்கு நுரையீரலும் இதயமும் கூடுதலாக உழைக்கின்றன. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து, எதுவும் சாப்பிடாமல், இறங்கியவுடன் நடந்தால் இன்னும் மோசம். வந்த அன்று மாலை அரை மணி நேரம் உலாவினால் போதும், முழுச் சுற்று மறுநாள் காலைக்கு. நடந்துகொண்டே பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

ஆனால் நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது இருந்திருந்தால் உயரத்தின் மேல் பழி போடாதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை அறையில் வைத்துவிட்டு நடக்கப் போகக் கூடாது, குளிர்காற்றே இழுப்பைக் கிளப்பிவிடும்.

விடியற்காலையில் காட்டெருமை வருமாமே? – வாசகி, சென்னை

வரும். ஊருக்குள்ளேயே நடமாடும். பார்க்கப் பசு மாதிரி சாதுவாக மேயும், அதை நம்பிப் பக்கத்தில் போய் செல்பி எடுப்பவர்கள்தான் முட்டு வாங்குகிறார்கள். ஒரு பேருந்து நீளத்துக்கு மேல் தள்ளியே நில்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், கத்த வேண்டாம், கல் எறிய வேண்டாம். அது தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்டால் முதுகைக் காட்டி ஓடாமல் பின்னாலேயே நகர்ந்து ஒரு வண்டிக்கோ சுவருக்கோ பின்னால் ஒதுங்குங்கள். சைக்கிளில் இருந்தால் அது சாலையைக் கடக்கும்வரை காத்திருங்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு நிற்கும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புவதே இதற்குச் சிறந்த வழி.

பேரிஜம் ஏரிக்கு நடந்து போகலாமா? – வாசகர், திண்டுக்கல்

அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி பெற்றுத்தான் போக முடியும். குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்கே அனுமதி, அதுவும் யானை நடமாட்டம், மழை என்றால் நிறுத்திவிடுவார்கள். ஆசைக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள், மொத்தத் திட்டத்தையும் அதன் மேல் கட்டாதீர்கள்.

வத்தலக்குண்டிலிருந்து சொந்த சைக்கிளில் ஏறிவிட வேண்டும் என்று ஆசை. சாத்தியமா? – கல்லூரி மாணவர், திருச்சி

பயிற்சி இருந்தால் சாத்தியம். தூரம் ஏறத்தாழ 55 கி.மீ., ஏறும் உயரம் சுமார் 1,800 மீட்டர். செங்குத்து என்று சொல்ல முடியாது, ஆனால் முடிகிற மாதிரியே இருந்து முடியாது. பழகியவருக்கே ஐந்தாறு மணி நேரம். முன்னால் சிறிய பல்சக்கரமும் பின்னால் பெரியதும் ஒரே பல் எண்ணிக்கையில், உதாரணமாக 34க்கு 34, இருந்தால் முழங்கால் தப்பிக்கும். விடியும்போது கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் அடிவாரச் சூட்டைத் தாண்டிவிடலாம். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், பசிக்கும் முன்பே வாழைப்பழம், கடலை மிட்டாய். மேலே சிறு பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, சொந்தக் குடுவை கொண்டு போங்கள். ஊருக்கு 8 கி.மீ. முன்னால் வெள்ளி அருவி வரும். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அது. அதைப் பார்த்ததும் வந்துவிட்டோம் என்று வேகம் கூட்டுகிறவர்கள்தான் கடைசி ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளுகிறார்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். புறப்படும் முன் பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வியர்வை காய்வதற்குள் குளிர்காற்று பிடிக்கும், மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். மூடுபனியில் இறங்க வேண்டாம், விளக்கு இருந்தாலும்.

மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டலாமா? – வாசகி, நாகர்கோவில்

ஊரில் ஓட்டியிருப்பீர்கள். இங்கே வேண்டாம். ஈர ரிம்மில் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், இரண்டு கையும் வேண்டும். அக்டோபர், நவம்பரில் மழை அதிகம், அந்த மாதங்களில் இடுப்பளவு மழைக்கோட்டு எடுத்துச் செல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட்டு செயினில் மாட்டும்.