ஜெயிக்கிற ஆளா, நம்ம ஆளா?

போன இதழில், அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் நான் குப்பை கொட்டிய 22 வருஷத்தைப் பற்றி எழுதும்போது ஒரு வரி விட்டிருந்தேன்: "2010-ல் எங்கள் ஊர்க் குடியரசுக் கட்சிக்காரர்கள் ஜெயிக்கிற குதிரையைத் தாங்களே லாயத்தில் கட்டிப்போட்டார்கள்." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம். சரி, இந்த வாரம் முழுக்க அதுதான்.

திண்டுக்கல் வாசகர்: சொந்தக் கட்சியில் ஜெயிக்கக்கூடியவரைக் கட்சிக்காரனே தோற்கடிப்பானா? பைத்தியமா அவனுக்கு?

பைத்தியம் இல்லை. அவன் போட்ட கணக்கு வேறு.

முதலில் ஒரு விஷயம். நம்மூரில் வேட்பாளர் பட்டியல் தலைமையிலிருந்து வரும், தொண்டன் பட்டாசு வெடிப்பான், இல்லாவிட்டால் கொடும்பாவி எரிப்பான். அங்கே பெரும்பாலும் 'பிரைமரி' என்று கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கும். டெலவேரில் அந்தந்தக் கட்சியில் பெயர் பதிந்தவர்கள் மட்டும்தான் அதில் ஓட்டுப் போட முடியும்.

2010-ல் மேலவையான செனட்டில் ஓர் இடத்துக்கு இடைத்தேர்தல். ஜோ பைடன் துணை அதிபராகப் போனாரே, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிதான். குடியரசுக் கட்சியில் மைக் காசில் நின்றார். முன்னாள் கவர்னர், அதாவது நம்மூர் முதலமைச்சர் மாதிரி. 1993-லிருந்து நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர். டெலவேருக்குக் கீழவையில் ஒரே ஒரு இடம்தான், அதனால் ஒவ்வொரு முறையும் மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கித்தான் அவர் ஜெயித்தாக வேண்டும். ஜெயித்தார். ஒபாமாவுக்கு 2008-ல் 100-க்கு 62 போட்ட மாநிலம் அது. அங்கே குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் மளிகைக்கடையில் நின்றாலும் எல்லோரும் கை கொடுப்பார்கள் என்றால் அது காசில் ஒருவருக்குத்தான்.

எதிரே கிறிஸ்டின் ஓடானல். 2008-ல் பைடனிடம் தோற்றவர். 2008-ல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சேரா பேலின் ஆதரவு, வரியும் அரசுச் செலவும் குறையணும் என்று கிளம்பிய டீ பார்ட்டி இயக்கத்தின் ஆதரவு, கருக்கலைப்பு எதிர்ப்பில் அப்பழுக்கில்லாதவர்.

என் பக்கத்து வீட்டில் ஒரு தம்பதி. அவர் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கத்தோலிக்கர். அந்த அம்மா பள்ளி நூலகத்தில் இருந்தவர். இருவரும் பழுத்த குடியரசுக் கட்சி. அந்த ஆகஸ்டில் ஒரு காலை நான் செய்தித்தாள் எடுக்க வெளியே வந்தால், அவர்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கு இடதுபக்கம் காசில் பலகை, வலதுபக்கம் ஓடானல் பலகை. ஒரே புல்வெளி! நடுவில் தபால்பெட்டி, எல்லைக்கல் மாதிரி.

எனக்கு ஓட்டு கிடையாது, கிரீன் கார்டுதான். அதனால் இரண்டு பேரும் என்னிடம் மனசு விட்டுப் பேசினார்கள். காசில் மேல் கணவர் வாசித்த குற்றப்பத்திரிகை நீளம். காசில் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். 2009 ஜூனில் கரியமிலவாயுவுக்கு உச்சவரம்பு கட்டுகிற மசோதா கீழவையில் 219-க்கு 212 என்று தப்பிப் பிழைத்தபோது, ஆதரித்து ஓட்டுப் போட்ட 8 குடியரசுக் கட்சிக்காரர்களில் இவரும் ஒருவர். "எட்டே பேர்! அதில் நம்ம ஆள்!" என்று தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே கத்துவார்.

அந்த அம்மா அடுக்களை ஜன்னலிலிருந்து பதில் சொல்வார்: "ஒபாமாவோட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டதும் அதே ஆள்தான். அவர் பாதி நம்ம ஆள். எதிர்க்கட்சிக்காரன் முழுசா அவங்க ஆள்."

"பாதி நம்ம ஆள்னா, மீதிப் பாதி என்னிக்கு வெளியே வரும்?"

ஒரு மாசம் இதே கச்சேரி. செப்டம்பர் 14 அன்று ஏறத்தாழ 57,600 பேர் ஓட்டுப் போட்டார்கள். 3,500 சொச்சம் வித்தியாசத்தில் காசில் தோற்றார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸுக்கு 100-க்கு 57, ஓடானலுக்கு 40. நடுவில், பழைய தொலைக்காட்சிப் பேச்சு ஒன்றில் சூனியம் பழகிப் பார்த்ததாகச் சொன்னது வெளியே வந்து, "நான் சூனியக்காரி இல்லை" என்று ஆரம்பிக்கிற விளம்பரம் வேறு கொடுத்தார் ஓடானல். ஒரு வேட்பாளர் வாயால் அப்படி ஒரு வாக்கியம் வந்த பிறகு ஓட்டு எண்ணுவதெல்லாம் சம்பிரதாயம்தான்.

மயிலாடுதுறை வாசகர்: கொள்கையா வெற்றியா என்பதற்கு அமெரிக்க வலதுசாரிகளிடம் ஏதாவது விதி இருக்கிறதா?

இருக்கிறது, வில்லியம் பக்லி சொன்னது. 'நேஷனல் ரிவ்யூ' பத்திரிகையை 1955-ல் தொடங்கியவர், அந்த ஊர் வலதுசாரிகளுக்கு வாத்தியார். அதிபர் வேட்பாளர் நிக்சனா ரேகனா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த 1967-ல், ஜெயிக்கக்கூடியவர்களில் எவர் மிகவும் வலதுபக்கம் நிற்கிறாரோ அவருக்கே என் ஆதரவு என்கிற அர்த்தத்தில் சொன்னார். இன்றுவரை இதுதான் 'பக்லி விதி'.

கேட்க சுலபமாக இருக்கிறது, இல்லையா? வம்பு 'ஜெயிக்கக்கூடிய' என்ற சொல்லில்தான். தபால்பெட்டிக்கு இரண்டு பக்கமும் இதே விதியைத்தான் ஓதினார்கள். அந்த அம்மா 'ஜெயிக்கக்கூடிய' என்பதை அழுத்துவார், கணவர் 'வலதுபக்கம்' என்பதை அழுத்துவார்.

சேலம் வாசகர்: மிதவாதியை ஜெயிக்க வைத்து, அவர் நாளைக்குக் காலை வாரிவிட்டால்? பக்கத்து வீட்டுக்காரர் பயந்ததில் நியாயம் இருக்கிறதே?

இருக்கிறது. அவர் அந்தப் பயத்தைப் பக்கத்து மாநிலத்திலிருந்து இறக்குமதி செய்திருந்தார்.

பென்சில்வேனியாவில் ஆர்லன் ஸ்பெக்டர். மிதவாதி, கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். 2004 பிரைமரியில் பாட் டூமி என்ற தீவிரப் பழமைவாதி அவரை எதிர்த்தார். அதிபர் புஷ்ஷே ஸ்பெக்டருக்காக இறங்கி வேலை பார்த்தார். 10 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்ததில் சுமார் 17,000-ல் ஸ்பெக்டர் தப்பித்தார். 2009 ஏப்ரலில் அதே ஸ்பெக்டர் ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் செனட்டில் மருத்துவக் காப்பீட்டு மசோதா 60-க்கு 39 என்று நிறைவேறியது. பேசிப் பேசியே மசோதாவை இழுத்தடிக்கிற எதிர்க்கட்சி முட்டுக்கட்டையை உடைக்க 60 ஓட்டு வேண்டும். அந்த 60-ல் ஸ்பெக்டர் ஒருவர். "நாங்க சோறு போட்டோம், அவர் அடுத்த வீட்டுத் திண்ணையில கை கழுவினார்" என்கிற தினுசில் பக்கத்து வீட்டுக்காரர் புலம்புவார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் அவர் கட்சியில் சேர்ந்திருப்பேன். ஆனால் வரவு செலவு இரண்டையும் பார்க்கிறது என் கணக்காளர் புத்தி. 2004-ல் ஜெயித்த ஸ்பெக்டர்தான் நீதிபதி நியமனங்களைப் பரிசீலிக்கிற செனட் நீதித்துறைக் குழுவின் தலைவர் ஆனார். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு 2005-ல் ராபர்ட்ஸையும் 2006-ல் அலிட்டோவையும் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கருக்கலைப்பு உரிமையை 2022-ல் ரத்து செய்த தீர்ப்பை எழுதியவர் யார்? அதே அலிட்டோ. கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தார் என்று பழமைவாதிகள் வெறுத்த ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய நீதிபதி!

மெய்ன் மாநிலத்து சூசன் காலின்ஸும் இதே ரகம். 2017-ல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்யும் முயற்சி 49-க்கு 51 என்று கவிழ்ந்தபோது கவிழ்த்த மூன்று குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒருவர். அடுத்த வருஷமே பழமைவாத நீதிபதி கெவனாவை 50-க்கு 48 என்று உச்ச நீதிமன்றத்தில் ஏற்றியவர்களிலும் ஒருவர். 2020-ல் மெய்ன் மாநிலம் பைடனுக்கு ஓட்டுப் போட்டது, அதே நாளில் செனட்டுக்கு இவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த மண்ணில் வேறு எந்தக் குடியரசுக் கட்சிக்காரரை நட்டால் முளைத்திருக்கும்?

மண்தான் முக்கியம் என்பது என் கட்சி. பென்சில்வேனியாவில் ஸ்பெக்டர் இல்லாவிட்டாலும் இன்னொருவர் ஜெயிக்கலாம். 2010-ல் அதே டூமி ஜெயித்தும் காட்டினார். அங்கே கோபப்பட்டால் கட்டுப்படியாகும். டெலவேரில் காசில் இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளே இல்லை. என் நண்பர் பென்சில்வேனியாக் கோபத்தை டெலவேரில் செலவழித்துவிட்டார்.

தூத்துக்குடி வாசகர்: கட்சியே மிதவாதியை நிறுத்தினால், தனி வேட்பாளரைப் போட்டு ஓட்டைப் பிரித்துத் தலைமைக்குப் பாடம் புகட்டலாமே?

புகட்டியிருக்கிறார்கள். 2009, நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் 23-ஆவது தொகுதி. அதன் உறுப்பினரை ஒபாமா ராணுவத் துறைச் செயலராக எடுத்துக்கொண்டதால் இடைத்தேர்தல். பிரைமரி கிடையாது, கட்சியின் மாவட்டத் தலைவர்கள் கூடி டீடி ஸ்கோஸஃபாவா என்ற மாநிலச் சட்டமன்ற உறுப்பினரை நிறுத்தினார்கள். கருக்கலைப்பு உரிமைக்கும் ஒருபாலினத் திருமணத்துக்கும் ஆதரவானவர். பழமைவாதிகள் கொதித்துப் போனார்கள். நியூயார்க்கில் கன்சர்வேட்டிவ் கட்சி என்று தனியாகவே ஒன்று உண்டு, அதன் சார்பில் டக் ஹாஃப்மன் நின்றார். கணக்காளர், நம்ம ஜாதி. பேலின் இவர் பக்கம், கீழவையின் முன்னாள் சபாநாயகர் நியூட் கிங்ரிச் ஸ்கோஸஃபாவா பக்கம்.

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை ஸ்கோஸஃபாவா விலகினார். ஞாயிற்றுக்கிழமை ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பில் ஓவன்ஸுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று அறிக்கை விட்டார்! செவ்வாய்க்கிழமை ஓவன்ஸ் ஜெயித்தார். தொகுதியின் சில பகுதிகளில் நூறு வருஷத்துக்கு மேல் ஜனநாயகக் கட்சி தலைகாட்டியதில்லை. அதே வாரம் சனிக்கிழமை, நவம்பர் 7-ல், மருத்துவக் காப்பீட்டு மசோதா கீழவையில் 220-க்கு 215 என்று நிறைவேறியது. பதவியேற்ற மறுநாள் ஓவன்ஸும் ஆதரித்து ஓட்டுப் போட்டார்.

பாடம் புகட்டினார்கள், சரி. டியூஷன் ஃபீஸை யார் கட்டியது என்றும் பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூர் வாசகி: பழமைவாதிகள் மனசார மிதவாதியை ஏற்றுக்கொண்டது ஒருமுறையாவது நடந்திருக்கிறதா?

2003 கலிஃபோர்னியா. கவர்னரைத் திரும்ப அழைத்த தேர்தல். கொள்கைச் சுத்தமான டாம் மெக்ளின்டாக் நின்றும், பெருவாரியான பழமைவாதிகள் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னேக்கருக்குத்தான் போட்டார்கள். ஷ்வார்ஸ்னேக்கருக்கு 100-க்கு 48.6, மெக்ளின்டாக்குக்கு 13 சொச்சம். மனசார என்று சொல்ல மாட்டேன். நடிகர் என்பதால் என்றும் சொல்லலாம், அது நமக்குத் தெரியாத சங்கதியா?

விருதுநகர் வாசகர்: 2010-ல் காசில் ஜெயித்திருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும்? ஒரு இடம்தானே?

இதைத்தான் பக்கத்து வீட்டுக்காரரும் கேட்டார், காகிதத்தில் கூட்டிக் காட்டியே கேட்டார். அந்தத் தேர்தலுக்குப் பின் செனட்டின் 100 இடத்தில் குடியரசுக் கட்சிக்கு 47. டெலவேரோடு, தீவிர வேட்பாளர்களால் நழுவியதாகச் சொல்லப்பட்ட நெவாடா, கொலராடோ இரண்டையும் சேர்த்தாலும் 50. சமநிலை வந்தால் முடிவு துணை அதிபர் கையில், அவர் பைடன். "அப்போ நான் என்ன இழந்தேன்?" என்றார். கூட்டல் சரி, தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் அது இரண்டு வருஷக் கணக்கு. அந்த நாற்காலியோ முதலில் பைடன் விட்டுப்போன மீதி நாலு வருஷத்துக்கு, பிறகு ஆறு ஆறு வருஷ ஒப்பந்தம். கூன்ஸ் 2014-லும் ஜெயித்தார், 2020-லும் ஜெயித்தார். இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் சொல்ல முடியவில்லை, 2010-ல் எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

நாகர்கோவில் வாசகி: தேர்தலுக்குப் பிறகு கட்சிக்குள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வார்களா?

டெலவேரில் அதற்கென்று ஒரு நாளே உண்டு. தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், வியாழக்கிழமை, தென்பகுதியில் ஜார்ஜ்டவுன் என்ற சின்ன ஊரில் 'ரிட்டர்ன் டே'. ஜெயித்தவரும் தோற்றவரும் குதிரை வண்டியில் ஒன்றாக உட்கார்ந்து ஊர்வலம் வருவார்கள். கட்சித் தலைவர்கள் சேர்ந்து ஒரு கைக்கோடாலியை மண்ணுக்குள் புதைப்பார்கள், பகை முடிந்ததற்கு அடையாளமாக. முழு மாட்டை நெருப்பில் வாட்டி, ரொட்டிக்குள் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பார்கள்.

2010-ல் பக்கத்து வீட்டுத் தம்பதி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம், வாய் திறக்காமல். நான் பின்சீட்டில் தயிர்சாத டப்பாவோடு. போன இடத்தில் அவர் வரிசையில் நின்று இரண்டு ரொட்டி வாங்கி வந்து ஒன்றை அந்த அம்மாவிடம் நீட்டினார். நான் மெதுவாக அந்த அம்மாவிடம், காசில் தோற்ற பிறகு நவம்பரில் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "கட்டின புருஷனுக்கே சொல்லல, உங்களுக்கா சொல்வேன்?" என்றார். அவர் மென்றுகொண்டே வேறு பக்கம் பார்த்தார்.

அடுத்த கோடையில் அந்தப் பலகைகளின் கம்பிச் சட்டம் இரண்டும் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. நல்ல காய்ப்பு. எங்களுக்கு ஒரு கூடை வந்தது, என் மனைவி தொக்கு போட்டாள்.